அலெக்சாந்திரியாவில் ஒரு நாள்: கோட்டையா, நிலவறையா?

எகிப்துக்குப் போகும் நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அலெக்சாந்திரியா ஒரே ஒரு நாள்தான். கெய்ரோவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். நடுவில் ஊருக்குள் கிடைப்பது ஆறு மணி நேரம், விடியற்காலையிலேயே கிளம்பினால் ஏழு. அந்த நேரத்துக்கு ஏழெட்டு இடங்கள் போட்டி போடுகின்றன. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இறங்கினால் எதுவும் மனதில் தங்காது.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு சுற்றுலாக் குழுவோடு. அழைத்துப்போனவர் நேரே கடற்கரைக் கோட்டையில் இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் கொடுத்தார். பிறகு மீன் சாப்பாடு. அதன் பிறகு கோம் எல் ஷொகாஃபா நிலவறைக் கல்லறைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது சீட்டுக் கொடுக்கும் ஜன்னலை மூடியிருந்தார்கள். அந்த மூடிய ஜன்னல் முன்னால் நின்ற வருத்தம், மூன்று வருடம் கழித்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகும்வரை எனக்குத் தீரவில்லை. எதை முதலில் பார்ப்பது, எதை விட்டால் பரவாயில்லை என்று அப்போது உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலெக்சாந்திரியா என்றதும் நம் நினைவுக்கு வருகிற மூன்றும் இன்று இல்லை. உலக அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் இல்லை. பழைய பெரு நூலகம் இல்லை. கி.மு. 331இல் ஊரை நிறுவிய அலெக்சாந்தரின் கல்லறை எங்கே இருந்தது என்பதற்கே தடயம் இல்லை. ரோம், ஏதென்ஸ் போல இடிபாடுகளுக்கு நடுவே நடந்து போகும் ஊர் அல்ல இது. பழைய நகரத்தின் தலைமேலேயே புது நகரம் உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் இருப்பதில் பாதி மண்ணுக்கு அடியில், பாதி கடலுக்கு அடியில். அதனால் பெயரை நம்பி இடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். வைத்த இடத்திலேயே என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டுத் தேர்ந்தெடுத்தால் இந்த ஊர் கை நிறையக் கொடுக்கும்.

கைத்பே கோட்டை

எல்லோரும் முதலில் போகிற இடம். போகக் காரணமும் இருக்கிறது. துறைமுகத்தின் மேற்கு முனையில், மூன்று பக்கமும் கடல் அடிக்க, தேன் நிறக் கல்லில் நிற்கிறது. அப்போது எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் கைத்பே 1477இல் கட்டத் தொடங்கி இரண்டே வருடத்தில் முடித்தது. அதே இடத்தில்தான் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து கலங்கரை விளக்கம் நின்றது. 100 மீட்டருக்கும் மேல் உயரம். 1303, 1323 நிலநடுக்கங்களில் நொறுங்கியது. பயணி இப்னு பதூதா 1326இல் வந்தபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் திரும்பி வந்தபோது வாசலை நெருங்கவே முடியவில்லை. ஒரு மனிதரின் பயண வாழ்க்கைக்குள்ளேயே ஒரு அதிசயம் கண்ணெதிரே செத்துப்போயிருக்கிறது.

கலங்கரை விளக்கத்தின் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சுவரில் ஆங்காங்கே செருகியிருக்கும் சிவப்புக் கிரானைட் தூண்களைக் காட்டுவார்கள். அவை தெற்கு எகிப்தின் அஸ்வான் கல் என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் இன்று நீங்கள் நடக்கும் கோட்டையில் பெரும் பகுதி பழுதுபார்க்கப்பட்டது. 1882 ஜூலை 11 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஊரைக் குண்டுவீசித் தாக்கியபோது கோட்டை படுசேதம் அடைந்தது. பிறகு இருபதாம் நூற்றாண்டில் சரிசெய்தார்கள். உள்ளே போனால் பெரும்பாலும் காலியான அறைகள், குறுகிய ஜன்னல்கள், ஒரு சிறிய மசூதி. அந்த மசூதிக்கூடத்தின் தரைக் கல்வேலைப்பாடு அழகு. ஜன்னலில் நின்றால் வரும் காற்றுக்காகவே அரை மணி நேரம் உட்காரலாம். ஆனால் பார்க்க என்று உள்ளே இருப்பது அவ்வளவுதான்.

இங்கே உண்மையில் பார்க்க வேண்டியது கோட்டைக்கு வெளியே, தண்ணீருக்குள் இருக்கிறது. 1994 முதல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் ஈவ் எம்பெரர் தலைமையில் மூழ்காளர்கள் இங்கே கடலடியில் ஆயிரக்கணக்கான கற்களைக் கண்டறிந்தார்கள். சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்ஃபிங்க்ஸ்கள், தூண்கள், சிலைத் துண்டுகள். கலங்கரை விளக்கத்தின் வாசலைச் சேர்ந்தவை என்று கருதப்படும் ராட்சதக் கற்களும் அவற்றில் உண்டு. 2025இல் அப்படிப்பட்ட 22 கற்களை அளந்து ஆராய்வதற்காகக் கரைக்குத் தூக்கினார்கள். கோட்டையின் வெளிச்சுவரை ஒட்டி நின்று அலையைப் பார்க்கும்போது, அந்த நுரைக்கு அடியில் அது கிடக்கிறது என்ற நினைப்பே உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. அந்தச் சிலிர்ப்புக்குச் சீட்டு வாங்க வேண்டாம்.

ஆகவே என் யோசனை: கோட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலை வெயிலில்தான் அந்தக் கல்லுக்கு நிறம் வருகிறது. உள்ளே மூடிவிட்டாலும் வெளியே நின்று பார்ப்பதில் குறைவில்லை. ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து வறுத்த விதைகளைக் கொறித்துக்கொண்டு உட்காரும் நேரமும் அதுதான். குளிர்காலத்தில் போகிறவர்கள் மட்டும் வானிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அலெக்சாந்திரியாக்காரர்கள் ஒவ்வொரு குளிர்காலப் புயலுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நவம்பரில் வருவதற்கு ‘மக்னசா’, அதாவது துடைப்பம். அது பெருக்கும் நாளில் கோட்டை முனையில் நிற்க முடியாது.

கோம் எல் ஷொகாஃபா

காலையில் முதலில் போக வேண்டிய இடம் இது. கோட்டைக்கும் இதற்கும் நடுவில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் யோசிக்காமல் இதற்குப் போங்கள்.

பெயருக்கு ‘ஓட்டாஞ்சில்லு மேடு’ என்று பொருள். கர்மூஸ் என்ற நெரிசலான பகுதியில், குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு காம்பவுண்டுச் சுவரும் சில கல்பெட்டிகளும் தவிர ஒன்றும் தெரியாது. 1900 செப்டம்பரில் ஒரு கழுதையின் கால் தரையில் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அப்படித்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது என்கிறார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து மூன்று அடுக்குகளாக இறக்கியிருக்கிறார்கள்.

99 படிகள். வட்டக் கிணறு ஒன்றைச் சுற்றிச் சுற்றி இறங்குகின்றன. அந்தக் கிணற்றின் வழியாகத்தான் சவங்களைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள். கிணற்றுச் சுவரில் ஜன்னல்கள் வெட்டியிருப்பதால் மேலிருந்து விழும் பகல் வெளிச்சம் படிகளுக்கும் வருகிறது. படிகளை இறங்கியதும் பக்கத்தில் ஒரு கூடம். மூன்று பக்கமும் பாறையிலேயே வெட்டிய திண்ணைகள். செத்தவர்களின் நினைவு நாளில் சொந்தக்காரர்கள் இங்கே வந்து, அந்தத் திண்ணைகளில் சாய்ந்தபடி விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்ட கலங்களை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போகாமல் அங்கேயே உடைத்துவிட்டுப் போனார்கள், அதனால் சேர்ந்த ஓடுகள்தான் மேட்டுக்குப் பெயரானது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அப்பா அந்தத் திண்ணையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “திதி சாப்பாடு மாதிரிதான்டா இது” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சாவு வீட்டில் உடைத்த பானையைத் திரும்பிப் பார்க்காமல் வருகிறவர்களுக்கு இந்தக் கூடத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கும் கீழே இருக்கிறது முக்கியக் கல்லறை. கோயில் முகப்பு மாதிரி இரண்டு தூண்கள், மேலே சிறகு விரித்த சூரிய வட்டம். வாசலின் இரண்டு பக்கமும் தாடி வைத்த பாம்புகள். தலையில் எகிப்து மன்னர்களின் இரட்டை மகுடம், அருகிலேயே கிரேக்கக் கடவுளின் கோல், தலைக்கு மேலே கேடயத்தில் கிரேக்கப் புராணத்துப் பாம்புக்கூந்தல்காரி மெதூசாவின் முகம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால், வாசலின் உட்புறத்தில் காவலுக்கு நிற்கிறான் அனூபிஸ். குள்ளநரித் தலையுள்ள அந்த எகிப்தியக் கடவுளுக்கு இங்கே ரோமானியப் படைவீரனின் மார்புக்கவசம் போட்டிருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்தில் நிற்கிற இன்னொரு காவலனுக்கு இடுப்புக்குக் கீழே பாம்பின் வால்.

நடுச்சுவரில் மம்மியாக்கும் காட்சி. சிங்கக் கட்டிலில் உடல், குனிந்து நிற்கும் அனூபிஸ். கட்டிலுக்கு அடியில் உள்ளுறுப்புகளை வைக்கும் ஜாடிகள். எண்ணிப் பாருங்கள், மூன்றுதான் இருக்கும். எகிப்திய மரபில் அவை நான்கு. செதுக்கியவருக்கு இடம் போதவில்லையா, இல்லை அந்த மரபு பாதி மறந்துபோன காலமா? நான் அங்கே நின்று நெடுநேரம் யோசித்தது இதைத்தான். பெயர்கள், கடவுள்கள், சடங்குகள் எல்லாம் இருக்கின்றன. நான்காவது ஜாடி மட்டும் நழுவிப்போயிருக்கிறது. ஒரு நகரத்தில் மூன்று மதங்கள் ஒன்றோடொன்று கலந்து வாழ்ந்தது எப்படி இருந்திருக்கும் என்பதை, எந்த மியூசியத்தின் விளக்கப் பலகையைவிடவும் அந்த ஒரு சுவர் தெளிவாகக் காட்டுகிறது. கற்பெட்டிகளின் மூடிகளும் திறப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பின்னால் ஓடும் இடைவழியிலிருந்து உடலை உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னாலும் குறையையும் சொல்ல வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு 99 படி ஏறி வருவது சுலபம் இல்லை. அப்பாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று நின்று ஏறினார், இருபது நிமிடம் ஆயிற்று. உள்ளே ஈரப்பதமும் இருக்கும். நிலத்தடி நீர் பல காலம் இந்த இடத்தைப் பாடாய்ப் படுத்தியது. கீழடுக்கு தண்ணீரில் மூழ்கியே கிடந்தது. நீரை இறைத்து மட்டத்தைக் குறைக்கும் திட்டம் 2019இல் முடிந்த பிறகுதான் நிலைமை தேறியது. மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் விருந்துக்கூடம் வரை போய்விட்டுத் திரும்பலாம். அதுவே பாதிக்கு மேல் கண்ட மாதிரி.

பக்கத்திலேயே தூண்

நிலவறையிலிருந்து பொடிநடையில் பத்து நிமிடத்தில் பாம்பேயின் தூண். ஒரே சிவப்புக் கிரானைட் கல்லில் 20 மீட்டருக்கு மேல் உயரமுள்ள உருளை. பீடமும் தலைப்பும் சேர்ந்து ஏறத்தாழ 27 மீட்டர். பெயர் தவறானது. எகிப்தில் கொல்லப்பட்ட ரோமானியத் தளபதி பாம்பேயின் தலை இங்கே புதைந்திருக்கிறது என்று இடைக்கால ஐரோப்பியப் பயணிகள் நம்பியதால் ஒட்டிக்கொண்ட பெயர். உண்மையில் பேரரசர் டயோக்ளீஷியன் கலகம் செய்த ஊரை முற்றுகையிட்டுப் பிடித்த பிறகு, அவர் பெயரால் கி.பி. 300ஐ ஒட்டி நட்டது.

தூணை மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் விட்டுவிட்டுப் போவது காலடியில் இருக்கிறது. அந்த மேடு முழுவதும் செராபிஸ் கோயில். அலெக்சாந்தருக்குப் பிறகு எகிப்தை ஆண்ட தாலமி அரசர்கள் கிரேக்கருக்கும் எகிப்தியருக்கும் பொதுவாக உருவாக்கிய கடவுள் செராபிஸ். மூன்றாம் தாலமி இங்கே எழுப்பிய கோயிலில் பெரு நூலகத்தின் கிளை ஒன்று இருந்தது. கி.பி. 391இல் கோயிலை இடித்தார்கள். மேட்டுக்கு அடியில் பாறையில் குடைந்த நீண்ட சுரங்க வழிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. சுவரில் மாடக்குழிகள். ஏடுகள் வைத்த இடம் என்று வழிகாட்டி சொல்வார். அதை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் அந்தக் கோயிலின் அடிவயிற்றில் நிற்கிறோம் என்பது உண்மை.

தமிழர்கள் இங்கே கொஞ்சம் கூடுதலாக நிற்கக் காரணம் உண்டு. செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் இதே செராபிஸுக்கு ஒரு கோயில் இருந்தது. அதன் தரையில் பதித்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு அகழாய்வில் கிடைத்தது. அதே கடற்கரையின் குசைர் அல் காதிமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. முசிறியிலிருந்து மிளகு ஏற்றிய சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் நைல் கரை ஊரான கோப்டோஸ் வந்து, நைல் நதியில் மிதந்து, இந்த அலெக்சாந்திரியாவின் கிடங்குக்குத்தான் வந்து சேர்ந்தது. நான்கில் ஒரு பங்கு சுங்கமாகப் பிடித்துக்கொள்ளப்பட்டது. ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலின் அப்படிப்பட்ட சரக்கைப் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பாப்பிரஸ் ஒப்பந்தம் இப்போது வியன்னாவில் இருக்கிறது. நம் மிளகு வந்து இறங்கிய கிடங்கை இங்கே யாரும் காட்ட முடியாது. ஆனால் அந்த வணிகர்கள் அண்ணாந்து பார்த்த கோயிலின் மேடு இதுதான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது கீழே கிடந்த கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நிலவறைக்கும் தூணுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பணத்தைப் பற்றி ஒரு சொல்: இப்போது எகிப்தின் பல தொல்லியல் இடங்களில் நுழைவுச்சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை. வெளிநாட்டில் செல்லும் கார்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

மதியத்துக்கு மூன்றில் ஒன்று

சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் ஒரு இடத்துக்குத்தான் நிதானமாகப் போதும். கோம் எல் திக்கா, கிரேக்க ரோமானிய அருங்காட்சியகம், புதிய நூலகம். இதில் முதல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். வேகமாகப் பார்க்கிறவர்கள் இரண்டையும் முடிக்கலாம்.

புதிய நூலகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் குழுக்களும் அங்கேதான் போகின்றன. 2002இல் திறந்தது. கடலுக்குள் சாய்ந்து இறங்குகிற சூரியத் தட்டு போல 160 மீட்டர் விட்டத்தில் கட்டிய கட்டடம். வெளிச்சுவரில் உலகின் பல எழுத்துகளைக் கிரானைட்டில் செதுக்கியிருக்கிறார்கள். பார்க்க அருமை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் வாசிப்புக்கூடத்தைக் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் வரலாற்றுச் சின்னம் தேடிப் போகிறவருக்கு இது 2002ஆம் ஆண்டுக் கட்டடம் என்பதை மறைக்க முடியாது. வெளியே நிற்கும் தாலமி மன்னரின் பெரிய சிலை கடலிலிருந்து எடுத்தது. அதைச் சாலையில் நின்றே பார்க்கலாம். அடித்தளத்தில் ஒரு சிறிய தொல்பொருள் காட்சிக்கூடம் இருக்கிறது. நூலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த, சிறு கல் துண்டுகள் பதித்த மொசைக் படம் ஒன்று அங்கே உண்டு. கவிழ்ந்த வெண்கலப் பாத்திரம் ஒன்றின் பக்கத்தில், கழுத்துப்பட்டை போட்ட நாய் உட்கார்ந்திருக்கிறது. எதையோ தட்டிவிட்டு, எசமானர் திட்டப்போகிறாரா என்று பார்க்கிற அதே முகம். இரண்டாயிரத்து நூறு வருடத்துக்கு முன்னாலும் நாய்கள் அப்படித்தான் பார்த்திருக்கின்றன. அந்த நாய்க்காகவே நூலகத்துக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

கோம் எல் திக்கா ஊரின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். நெப்போலியன் காலத்துக் கோட்டை இருந்த மேட்டை 1960இல் தோண்டத் தொடங்கினார்கள். போலந்து நாட்டு ஆய்வாளர்கள் எகிப்தியர்களோடு சேர்ந்து இன்றுவரை அங்கே வேலை செய்கிறார்கள். எல்லோரும் படம் எடுப்பது வெள்ளைச் சலவைக்கல்லில் 13 வரிசை இருக்கைகள் கொண்ட சிறிய ரோமானிய அரங்கத்தை. நான் உங்களை அதைத் தாண்டி நடக்கச் சொல்வேன். அரங்கத்தின் பக்கத்தில் வரிசையாகச் சிறு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் குதிரை லாட வடிவில் கல்படிகள், நடுவில் ஆசிரியருக்கு உயரமான ஒரு இருக்கை. இப்படி 20க்கும் மேல். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் வகுப்பு நடந்த கூடங்கள் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

பெரு நூலகம் போய்விட்டது என்று உலகமே புலம்புகிறது. அது போன பிறகும் பல நூறு வருடம் இந்த ஊரில் பிள்ளைகள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்த படி இன்றும் இருக்கிறது, காலால் தேய்ந்தபடி. புதிய நூலகத்துக்கும் இதற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அறிவின் நகரம் என்ற பெயருக்கு உண்மையான சாட்சி இந்த வகுப்பறைகள்தான். அதே வளாகத்தில் ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் காலத்து வீடு ஒன்றின் தரையில் பறவை மொசைக்குகள் இருக்கின்றன. அதற்குத் தனிச் சீட்டு. கடலிலிருந்து எடுத்த ஸ்ஃபிங்க்ஸ் துண்டுகள் சிலவும் திறந்தவெளியில் வைத்திருக்கிறார்கள். படிகள் அதிகம் இல்லாததால் பெரியவர்களுக்கும் சிரமம் இருக்காது. வெயில்தான் தொந்தரவு. தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள்.

அருங்காட்சியகம் 2005இல் மூடப்பட்டு 18 வருடம் கழித்து 2023 அக்டோபரில் திறந்தது. அதனால் பழைய பயணக் குறிப்புகளை நம்பி மூடியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். செராபிஸ் கோயிலில் கிடைத்த கருங்கல் காளை, எகிப்தியர் வணங்கிய ஏபிஸ், இங்கேதான் இருக்கிறது. காலையில் சுரங்கத்தில் நீங்கள் பார்ப்பது அதன் நகல். எனக்கு இங்கே மிகப் பிடித்தது சோஃபிலோஸ் என்ற கலைஞர் கையொப்பமிட்ட மொசைக். ஒரு பெண்ணின் முகம். தலையில் மகுடமாகப் போர்க்கப்பலின் முகப்பு, கையில் பாய்மரத் தண்டு. அரசி இரண்டாம் பெரனிகே என்றும், நகரத்தின் உருவமே அவள்தான் என்றும் சொல்கிறார்கள். அந்தக் கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. கப்பலையே தலையில் சூடிக்கொண்ட முகத்தை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. கடும் வெயில் நாளிலும் மழை நாளிலும் கோம் எல் திக்காவுக்குப் பதில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் நிலவறைக்கு இறங்க முடியாமல் போனால் அவர்களுக்கு ஈடு செய்வதும் இதுதான்.

இரண்டாவது நாள் கிடைத்தால்

ஒரு இரவு தங்க முடிந்தவர்களுக்கு ஊரைவிட்டு வெளியே இரண்டு திசைகள் திறக்கின்றன. கிழக்கே 65 கிலோமீட்டரில் ரஷீத். மேற்கே சுமார் 105 கிலோமீட்டரில் எல் அலமெய்ன். ஒரே நாளில் இரண்டும் முடியாது.

ரஷீத் என்றால் பலருக்குப் புரியாது, ரொசெட்டா என்றால் புரியும். 1799 ஜூலையில் நெப்போலியனின் படை அதிகாரி பூஷார் அந்தக் கல்லைக் கண்டெடுத்தது இங்கே, கைத்பே கட்டிய இன்னொரு சிறு கோட்டையைப் பழுதுபார்க்கும்போது. எகிப்திய எழுத்தைப் படிக்க வழி திறந்த கல் 1802 முதல் லண்டனில். கோட்டையில் நீங்கள் பார்ப்பது நகல். கல்லுக்காக மட்டும் போனால் வருத்தப்படுவீர்கள். ஊருக்காகப் போனால் மகிழ்ச்சி. சிவப்பும் கறுப்புமாகச் செங்கல் அடுக்கி, மரப்பின்னல் ஜன்னல் வைத்த ஒட்டோமான் காலத்து வணிகர் வீடுகள் அங்கே இருபதுக்கு மேல் நிற்கின்றன. மாவு அரைக்கும் செக்கோடு கூடிய வீடு ஒன்றை உள்ளே போய்ப் பார்க்கலாம். நைல் கடலோடு சேரும் இடத்துக்குப் படகில் போகலாம். சுற்றுலாக் கூட்டம் குறைவு. கட்டடக்கலையில் ஆர்வம் உள்ளவர்களும், சந்தையில் மெதுவாக நடக்கப் பிடித்தவர்களும் கிழக்கே போங்கள்.

நான் அப்பாவோடு மேற்கே போனேன். வழியில் 45 கிலோமீட்டரில் அபுசிர். அங்கே ஒரு கோயில் வளாகமும், அருகில் ஒரு சமாதிக் கோபுரமும் நிற்கின்றன. கீழே சதுரம், நடுவில் எண்கோணம், மேலே வட்டம். அலெக்சாந்திரியாக் கலங்கரை விளக்கமும் இதே வடிவில்தான் இருந்தது. அதைப் பார்த்துச் சிறிய அளவில் கட்டியது என்று கருதுகிறார்கள். கைத்பேயில் கிடைக்காத உருவம் இங்கே ஆளரவமற்ற மேட்டில் கடலைப் பார்த்து நிற்கிறது. இறங்கிப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

இரண்டாம் உலகப் போரின்போது எல் அலமெய்னில் 1942 அக்டோபர் 23 இரவு தொடங்கிய சண்டையில்தான் ஜெர்மன் தளபதி ரொம்மலின் படை பின்வாங்கத் தொடங்கியது. காமன்வெல்த் கல்லறையில் 7,000க்கும் மேற்பட்ட கற்கள், மணலில் ஒரே சீராக. கூட்டமாக வருகிறவர்கள் நடுவில் இருக்கும் சிலுவை வரை நடந்து, ஜெர்மன், இத்தாலிய நினைவிடங்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள். அங்கே தனியாக ஒரு நினைவுச்சின்னம். எகிப்திலும் லிபியாவிலும் இறந்து, அவரவர் மத வழக்கப்படி எரிக்கப்பட்ட 600க்கும் மேற்பட்ட வீரர்களுக்காக எழுப்பியது. எரித்ததால் அவர்களுக்குக் கல்லறை இல்லை, பெயர் மட்டும்தான். அந்தப் போர்முனையில் நின்ற நான்காவது இந்திய டிவிஷனின் பொறியாளர் பிரிவுகளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனியும் உண்டு.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மதியம் இரண்டு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்று நான் நினைவுபடுத்தினேன். “இரு, இன்னும் முடியல” என்றார். அலமெய்னைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் திரும்பும் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.